தானாகத் தூங்குகிற பிள்ளை

உமாபதியின் மகன் யுவன், ஆட்டாமல் பாடாமல், படுத்த கொஞ்ச நேரத்தில் தானாகவே தூங்கிவிடுகிறான் என்கிற செய்தி கம்பெனி பஸ்ஸில் பரவியிருந்தது உமாபதிக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முசரவாக்கத்திலிருந்து பொன்னி என்கிற பெண் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

பொன்னி அவன் மனைவி சங்கரியோடு வேலை செய்பவள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போனுக்குள் வைக்கிற சின்னச் சின்னப் பாகங்களைச் சோதித்து அனுப்புகிற வேலை. மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். பன்னிரண்டரைக்கு மெயின் ரோட்டில் பஸ் ஏறினால் வீடு திரும்பப் பதினொன்றைத் தாண்டிவிடும். அந்த பஸ்ஸில் வருகிற பெண்களில் பாதிப் பேருக்குக் கைக்குழந்தையோ நடைபழகிய குழந்தையோ வீட்டில் இருந்தது. அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றித்தான். அப்படி ஒரு நாள் பேச்சில் சங்கரி, எங்க வீட்டில் அந்தத் தொல்லையே இல்லை, யுவனை அவன் அப்பா பழக்கிவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள்.

"எம்பொண்ணுக்கும் ரெண்டு வயசு ஆயிடுச்சிண்ணா," என்றாள் பொன்னி. "மடியில போட்டு ஒரு மணி நேரம் தட்டினாத்தான் தூங்கறா. நான் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா வீட்ல யாராலயும் முடியல. நீங்க எப்படிப் பழக்கினீங்கன்னு கேட்டுக்கினு போலாம்னுதான் வந்தேன்."

சங்கரி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சொல்லுங்களேன் என்பதுபோல் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது.

உமாபதி தறிக் குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி, தறியில் நீளவாட்டில் கட்டிய பாவில் அறுந்திருந்த ஓர் இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னால் பல நாள் அவன் அந்த நிமிடத்தைத்தான் நினைத்துப் பார்த்தான். ஆனால் அப்போது அவன் வாயிலிருந்து வந்தது, எப்போதோ செல்போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒரு பெண் சொன்னது. தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்க வைக்கணும். விளக்கை அணைச்சிடணும். தூங்கறதுக்கு முன்னாடியே வெளியே வந்துடணும்.

"அழுதா?" என்று பொன்னி கேட்டாள்.

"அழுவாங்கம்மா. அழட்டும்னு விட்டுடணும். நாம உள்ள போனா அவங்க ஜெயிச்சுடுவாங்க. அஞ்சாறு நாள்ல சரியாயிடும்."

பொன்னி அவன் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். போகும்போது, அவள் வீட்டுக்காரருக்கும் இதில் கொஞ்சமாவது அக்கறை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சங்கரியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

உமாபதி அவன் சொன்ன எதையும் ஒரு நாள்கூடச் செய்ததில்லை. யுவன் தூங்கியது மருந்தில்.

அது தொடங்கியது ஐப்பசி மழையில். யுவனுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. சங்கரி டாக்டரிடம் காட்டி ஒரு மருந்து வாங்கி வந்தாள். இரண்டரை மில்லி, ராத்திரி மட்டும், மூன்று நாள். சிவப்பாக, இனிப்பாக இருக்கும். அந்த மூன்று நாளும் யுவன் எட்டு மணிக்கெல்லாம் சாய்ந்துவிட்டான். அதுவரை அவனைத் தூங்க வைப்பது பெரிய பாடு. உத்தரத்தில் சேலைத் தூளி கட்டியிருந்தது. அதில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டுவது நின்றால் கண் திறந்துகொள்ளும். அவனுக்கு இரண்டு வயது தாண்டி எடையும் கூடி, தூளி தரையைத் தொடாத குறையாகத் தொங்கியது. சங்கரி இருக்கும்போது அவள் ஆட்டுவாள். அவள் ஷிஃப்ட்டுக்குப் போன நாட்களில் உமாபதிதான். தறியில் உட்கார்ந்தவனுக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் இருக்கும். தை மாதக் கல்யாணத்துக்கு நெய்து கொடுக்கவேண்டிய கூரைப்புடவை தறியில் பாதியில் நின்றது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிடைக்கிற மூன்று மணி நேரம்தான் அவனுக்குத் தொந்தரவில்லாத நேரம். அதைத் தூளி எடுத்துக்கொண்டது.

நான்காவது நாள் சளி இல்லை. ஆனாலும் உமாபதி மூடியில் ஊற்றிக் கொடுத்தான். இன்னும் கொஞ்சம் மூக்கடைப்பு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த வாரம் அந்தக் காரணமும் தேவைப்படவில்லை. பாட்டில் தீர்ந்தபோது காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினான். மருந்துக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். அதை அவன் தறிக்குப் பின்னால் நூல் கண்டு வைக்கிற டப்பாவில் வைத்தான். ஒளித்து வைக்கவேண்டும் என்று தோன்றியபோதே அது என்ன காரியம் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

சங்கரி ஒரு நாள், இப்பல்லாம் எப்படிச் சீக்கிரம் தூங்கறான் என்று கேட்டாள். தானாகவே தூங்கிவிடுகிறான் என்றான். அவள் அப்படியே அவன் தோளில் தலையைச் சாய்த்து, நல்லவேளை, நான் அங்க நின்னுக்கினு இவன் அழுவறானோன்னே நினைச்சுக்கினு இருப்பேன் என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அவனால் அந்தப் பொய்யை விட்டு இறங்க முடியவில்லை.

பொன்னி வந்து போன அந்த வாரமே இரண்டரை மில்லி போதவில்லை. யுவன் குடித்துவிட்டும் விளையாடிக்கொண்டிருந்தான். உமாபதி ஐந்தாக்கினான். அந்த வியாழக்கிழமை, அதுவும் வேலை செய்யவில்லை என்று நினைத்து, அரை மணி கழித்து இன்னொரு மூடி கொடுத்தான். பையன் படுத்த இடத்திலேயே துவண்டு தூங்கினான். உமாபதி பத்தரை மணிவரை நெய்தான். அன்று முந்தானையில் இரண்டு வரிசை முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை யுவன் எழுந்திருக்கவில்லை. எட்டு மணிக்குச் சங்கரி எழுப்பினாள். கண்ணைத் திறந்தான், மறுபடி மூடிக்கொண்டான். நிற்க வைத்தால் கால் பின்னியது. இரண்டடி நடந்து சுவரில் மோதிக்கொண்டான். அழக்கூட இல்லை. சங்கரி அவனை வாரி எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டாள். தெருவில் நீளமாகப் பாவு கட்டி இழை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். உமாபதி வண்டியை எடுத்தான்.

குழந்தை டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. யுவனின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். காலைத் தட்டிப் பார்த்தார். கீழே விழுந்தானா, தலையில் அடிபட்டதா, வாந்தி எடுத்தானா, வலிப்பு வந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சங்கரி இல்லை என்றாள்.

"வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா? வீட்ல யாராவது சாப்பிடற மாத்திரை எதாவது இவன் கையில கிடைச்சிருக்குமா?"

சங்கரி உமாபதியைப் பார்த்தாள். ராத்திரி அவன்தானே கூட இருந்தான்.

"இல்ல மேடம்," என்றான் உமாபதி.

அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர். தெளியவில்லை என்றால் சென்னைக்குக் கொண்டுபோய் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது, கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். மூளை என்ற சொல்லைக் கேட்டதும் சங்கரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் எடுக்கிற அறையில் நர்ஸ், அப்பா பிடிச்சுக்கட்டும் என்றார். உமாபதி யுவனை மடியில் வைத்துக் கையை நீட்டிப் பிடித்தான். பிள்ளையின் நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்திப் பார்த்துவிட்டு மறு கைக்குப் போனார்கள். அதுவரை மயங்கிக் கிடந்த யுவன் அந்த வலியில் விழித்துக்கொண்டான். திமிறினான். யாரிடமிருந்து காப்பாற்றச் சொல்கிறான் என்று தெரியாமல், தன்னை இறுக்கிப் பிடித்திருக்கிறவனையே பார்த்து, "ப்பா, ப்பா" என்று கதறினான். உமாபதி பிடியை விடவில்லை. இந்த ஊசி எதற்கும் தேவையில்லை என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் பிடித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது சங்கரி சூப்பர்வைசருக்கு போன் செய்து லீவு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து அண்ணனுக்கு போன் செய்தாள். மாகறலில் இருக்கிற அவளுடைய அண்ணன் கார் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார் போலிருக்கிறது. உமாபதி பிள்ளையை அவள் மடியில் வைத்தான். திரும்பி டாக்டரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். என்னவென்று தெரியாமல் சங்கரியும் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், ஸ்கேன் வேணாம். நான்தான் மருந்து குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொன்னான். ஆறு வாரமாக என்றதை டாக்டருக்குக் கேட்காதபடி முணுமுணுத்தான். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. எதற்காக என்று டாக்டர் கேட்டார்.

"தூங்கறதுக்கு."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இந்த வயதில் இந்த மருந்து அதிகமானால் மூச்சே நின்றுபோகலாம் என்று மட்டும், ஒரு தகவலைப் போலச் சொன்னார். மாலைவரை பிள்ளையைத் தன் பார்வையிலேயே வைத்திருக்கச் சொன்னார். தானாகத் தெளிந்துவிடுவான், ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். பிறகு கடிதத்தை எடுத்துக் கிழித்தார்.

"இப்பவாவது சொன்னீங்க. நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா அந்த ஊசிங்க மிச்சம்."

மாலை நான்கு மணிக்கு யுவன் எழுந்து உட்கார்ந்து பிஸ்கெட் கேட்டான். அவன் நடந்து காட்டிய பிறகு டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குள் சங்கரியின் அண்ணன் காரோடு வந்திருந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, மருந்து ஒத்துக்கலை என்று சங்கரி சொன்னாள். உமாபதியை அண்ணனிடம் காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறும்போதுதான் அவனிடம் பேசினாள்.

"பொன்னி அஞ்சு நாளா பொண்ணைக் கதவைச் சாத்தி அழவுடறா. நீங்க சொன்னீங்கன்னு. அவகிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு உமாபதி முசரவாக்கம் போனான். பொன்னியின் வீட்டைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தினான். அவள் ஷிஃப்ட்டுக்குப் போவதற்கு முன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கண்ணா என்று சிரித்த முகமாக நாற்காலி எடுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. அவள் மகள் அவளுடைய நைட்டியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தது. பொன்னி ஓர் அடி எடுத்து வைத்தால் அதுவும் கூடவே நகர்ந்தது.

அவன் கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள். இன்னும் பழகவில்லை என்றாள். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் அழுததாம். மூன்றாம் நாள் அழுது அழுது வாந்தி எடுத்துவிட்டதாம். ஷிஃப்ட் இல்லாத அன்று அவளே கதவுக்கு வெளியே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாளாம். இரண்டு நாளாகப் பகலிலும் அவளை விட்டு நகர மறுக்கிறதாம். உங்கள் பிள்ளை பழகிக்கொண்டானே, நான் எங்கோ தப்பாகச் செய்கிறேன், அதைக் கேட்கத்தான் உங்களுக்கு போன் செய்யலாம் என்றிருந்தேன் என்றாள்.

உமாபதி சொன்னான். நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, மருந்து கொடுத்ததையும் டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னான். அவளுக்குச் சொன்னது எதுவும் தான் செய்து பார்த்ததில்லை என்றும் சொன்னான்.

பொன்னி கையில் வைத்திருந்த ஈரத்துணியை வாளியில் போட்டாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் எம்மேலதான் தப்புன்னு நினைச்சுக்கினு இருந்தேன்," என்றாள். "அவ அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கினே இருந்தா. உள்ள போனா கெட்டுப் போயிடும்னு நீங்க சொன்னதால போவல."

மன்னிச்சிடும்மா என்று அவன் சொன்னான். அவள் பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள். நாற்காலி முற்றத்திலேயே கிடந்தது. அவன் அதை எடுத்து மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தான். அதன்பிறகு பொன்னி அவனிடம் பேசியதில்லை. மகளை அவள் மறுபடி மடியில் போட்டே தூங்க வைக்கிறாள், அதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று பஸ்ஸில் சொன்னாளாம்.

நான்காம் நாள் சங்கரி யுவனோடு அண்ணன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, லீவு முடிஞ்சுது, வேற வழி இல்லாமத்தான் வந்தேன், அதை நீங்க தெரிஞ்சுக்கணும் என்றாள். வீட்டில் இருந்த மருந்து மாத்திரை எல்லாவற்றையும், தலைவலித் தைலம்கூட, ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். உமாபதி பார்த்துக்கொண்டு நின்றான். தூளியை அவனே அவிழ்த்தான். அவன் அவிழ்த்ததை அவள் பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

அன்று மதியம் அவள் ஷிஃப்ட்டுக்குப் போனதும், அவன் யுவனைத் தூக்கிக்கொண்டு, யாரும் சொல்லாமல் தானாகவே டாக்டரைப் பார்க்கப் போனான். இனிமேல் எப்படித் தூங்க வைப்பது என்று கேட்டான். இந்தக் கேள்வியை ஆறு வாரம் முன்பே கேட்டிருக்கலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. அவனுக்கே தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவது அல்ல என்றார் அவர். தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள், சாப்பாடு, முகம் கழுவுவது, ஒரு கதை, படுக்கை. தூங்கிய பிறகு கிடத்தாமல், விழித்திருக்கும்போதே கிடத்துங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அழுதால் முதுகில் கை வையுங்கள், தூக்காதீர்கள். சில நாள் கழித்து ஒரு முழம் தள்ளி உட்காருங்கள். பிறகு கதவருகில். பிறகு வெளியே. நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் நீங்கள் இல்லாமல் தூங்குவான் என்றார்.

முதல் நாள் எட்டு மணிக்கு விளக்கைக் குறைத்து, பாய் விரித்து யுவனைப் படுக்க வைத்தான் உமாபதி. பக்கத்தில் உட்கார்ந்தான். யுவன் எழுந்து உட்கார்ந்தான்.

"ப்பா, மந்து குடு," என்றான்.

உமாபதிக்கு முதலில் புரியவில்லை. யுவன் வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினான். தினமும் அப்படித்தான் நீட்டியிருப்பான் போலிருக்கிறது. அப்போதெல்லாம் உமாபதி மூடியில் இருக்கிற கோட்டைப் பார்த்தானே தவிர, இதைப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் என்றால் அப்பா கொடுக்கிற சிவப்பு மருந்து. அவன் நம்பிக்கையோடு கேட்கிறான்.

"மருந்து இல்லடா கண்ணு. இனிமே இல்ல."

யுவன் அழ ஆரம்பித்தான். தூளி மாட்டியிருந்த கொக்கியைக் கைகாட்டி அழுதான். அம்மா வேண்டும் என்று அழுதான். உமாபதி முதுகில் கை வைத்தால் தட்டிவிட்டான். பத்து மணி நெருங்கும்போது களைத்து, பாயின் ஓரத்தில் குப்புறக் கிடந்தபடி தூங்கினான். உமாபதி அங்கேயே உட்கார்ந்திருந்தான். மருந்து கொடுத்த நாட்களில் ஐந்து நிமிடத்தில் எழுந்து தறிக்குப் போனவன், அன்று பிள்ளையின் மூச்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் தகவலைப் போலச் சொன்னது காதில் இருந்துகொண்டே இருந்தது. இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நெய்துகொண்டிருந்தபோது, இந்த மூச்சை ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை.

சங்கரி வந்தாள். கைகால் கழுவிவிட்டு நேராகப் பிள்ளையிடம் போனாள். குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, உமாபதி பார்த்துவிட்டான் என்று தெரிந்தும், அதை மறைக்க முயலாமல் சாப்பிடப் போனாள். அவள் ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்தாள்.

ராத்திரியில் தறியில் உட்கார முடியாததால், விடியற்காலை நான்கரைக்கு எழுந்து நெய்யத் தொடங்கினான். அப்படியும் கூரைப்புடவை சொன்ன நாளுக்கு முடியாது என்று தெரிந்தது. நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளியிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தபோது, ஜரிகை வரத் தாமதம், பாவு சரியில்லை என்று இரண்டு மூன்று காரணங்கள் தானாகவே வந்து நின்றன. எவ்வளவு எளிதாக வருகின்றன என்று பார்த்து அவனுக்கே கூச்சமாக இருந்தது. பையனைத் தூங்கப் பழக்குகிறேன், ராத்திரியில் நெய்ய முடியவில்லை, பத்து நாள் தள்ளிப்போகும் என்று உள்ளதைச் சொன்னான். அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முன்னாடி வந்தால் சரி என்றார். ஆனால் அவனுக்குத் தருவதாக இருந்த அடுத்த புடவைக்கான பாவு நூலை வேறு தறிக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அழுகை முக்கால் மணியாகக் குறைந்தது. ஐந்தாம் நாள் மறுபடி முதல் நாள் போலாயிற்று. அன்று உமாபதி பொறுமை இழந்தான். எழுந்து எழுந்து ஓடிய பிள்ளையைத் தோளைப் பிடித்துப் பாயில் அழுத்தி, "படுடா" என்று கத்திவிட்டான். யுவன் சட்டென்று அழுகையை நிறுத்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். உமாபதி பின்கட்டுக்குப் போய்த் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டான். பாட்டில் மட்டும்தான் கெட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். தனக்குள்ளேயே ஏதோ அவசரம் இருக்கிறது, பாட்டில் அதற்குக் கிடைத்த கருவி என்று அப்போது புரிந்தது. திரும்பிப் போய், கத்த மாட்டேன்டா என்று பிள்ளையிடம் சொல்லி, பழைய இடத்தில் உட்கார்ந்தான். அன்று நடந்ததைச் சங்கரி கேட்காமலே அவளிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

பத்தாம் நாள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். பதினைந்தாம் நாள் கதவருகில். அங்கிருந்து யுவனுக்கு அவன் முழங்கால் தெரியும். அது தெரிந்தால் போதும் என்று ஆயிற்று. ஒரு நாள் நடுவில் எழுந்து வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தானே போய்ப் படுத்துக்கொண்டான். இன்னொரு வாரம் கழித்து, தறியிலே இருக்கேன், கூப்பிட்டா வரேன் என்று சொல்லிவிட்டு உமாபதி வெளியே வந்தான். யுவன் நாலு தடவை கூப்பிட்டான். நாலு தடவையும் உமாபதி போனான். அதற்கு அடுத்த நாள் இரண்டு தடவை. பிறகு ஒரு வியாழக்கிழமை யுவன் கூப்பிடவே இல்லை. அரை மணி கழித்து உமாபதி போய்ப் பார்த்தான். தலையணையிலிருந்து நழுவி, ஒரு கையைப் பாய்க்கு வெளியே போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். உமாபதி மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தான். திரும்பித் தறிக்கு வந்தவன் பத்து நிமிடத்தில் மறுபடி போய்ப் பார்த்தான். அன்று ஒரு வரிசைகூட நெய்யவில்லை.

அதை அவன் சங்கரியிடம் சொல்லவில்லை. சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அதே வார்த்தைகளைத்தான் ஏற்கெனவே ஒரு தடவை பொய்யாகச் சொல்லியிருந்தான். தானாகவே தூங்கிவிட்டான். அந்த வார்த்தைகள் இப்போது உண்மையாக இருந்தும் அவனால் எடுத்துப் பேச முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கரிக்கு வார லீவு. எட்டு மணிக்கு யுவனுக்கு அவளே கதை சொன்னாள். அவள் இருக்கிற நாட்களில் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டான் என்பதால், அன்று அரை மணியாவது ஆகும் என்று நினைத்துத்தான் படுக்க வைத்தாள். யுவன் அவள் கன்னத்தைத் தட்டி, "ம்மா போ," என்றான். அவள் எழுந்து சமையலறைக்கு வந்தாள். உமாபதி அங்கே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். அவள் ஜாடை காட்டியதும் கையை நிறுத்தினான்.

இருட்டில் யுவன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "மாடு தூங்குது. பஸ்ஸு தூங்குது. காக்கா தூங்குது." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தறி தூங்கல," என்றான். பிறகு பாயில் புரளுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

சங்கரி சுவரில் சாய்ந்து நின்றபடியே இருந்தாள். பதினைந்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா இப்படி?"

"மூணு நாளா."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நீ எப்படி நம்புவே?"

அவள் கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு காம்புகளைக் கிள்ள ஆரம்பித்தாள்.

"நம்பியிருக்க மாட்டேன்," என்றாள். "இப்பகூட முகர்ந்து பாத்துட்டுத்தான் வந்தேன்."

"தெரியும்."

"எப்ப நிறுத்துவேன்னு எனக்கே தெரியலங்க."

"பாத்துக்கோ. எத்தினி நாள் வேணும்னாலும் பாத்துக்கோ."

அவன் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றதை அவள் பார்த்திருப்பாள். எழுந்து போகவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் எதிரில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள். கீரை ஆய்ந்து முடித்ததும் தட்டை அலம்பி வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.